ஜெர்க்கினுக்குள் இருக்கும் பஞ்சு: செயற்கை இழை குளிரை எப்படித் தடுக்கிறது?

காரைக்குடியில் எங்களுக்கு மெத்தைக் கடை. தாத்தா காலத்தில் இலவம் பஞ்சு மட்டும்தான், அப்பா காலத்தில் பருத்தியும் சேர்ந்தது, இப்போது விற்கிற தலையணையில் பாதிக்கு மேல் ரெக்ரான் என்கிற செயற்கைப் பஞ்சு. குளிர் உடுப்பு எதுவும் நாங்கள் விற்பதில்லை. இருந்தாலும் ஆகஸ்டும் டிசம்பரும் வந்துவிட்டால் யாராவது ஒருவர் கடை வாசலில் நின்று, "அண்ணே, மகள் கனடாவுக்குப் படிக்கப் போகுது, பஞ்சு வச்ச ஜெர்க்கின் போதுமா, வாத்து இறகு வச்சதுதான் வாங்கணுமா? நீங்க பஞ்சுக்காரவுக, சொல்லுங்க" என்று கேட்காமல் இருப்பதில்லை. போன மாதம் கேட்டது என் சொந்த அக்கா. அவள் மகள் போகப்போவது கனடாவில் இருக்கிற வின்னிபெக்குக்கு. ஜனவரி இரவில் சராசரியாகவே மைனஸ் 20 டிகிரியை ஒட்டி இறங்குகிற ஊர் அது. நமக்கோ மார்கழி விடியலில் 20 டிகிரி வந்தாலே கோலம் போடுகிறவர்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்வார்கள். அக்காவை உட்காரவைத்து, ஒவ்வொரு பஞ்சிலும் ஒரு பிடி எடுத்துக் கையில் கொடுத்துச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் துணியும் சூடு தராது. சூடு தருவது உங்கள் உடம்பு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறார், அதாவது அந்தக் காலத்துக் குண்டு பல்பு ஒன்று எரிகிற அளவு. மேட்டில் ஏறும்போது அது பல மடங்காகிறது. இந்தச் சூடு எவ்வளவு வேகமாக வெளியே ஓடுகிறது என்பதை வைத்துத்தான் நமக்குக் குளிர்கிறதா இல்லையா என்பது முடிவாகிறது. உடுப்பின் வேலை அந்த ஓட்டத்தை மெதுவாக்குவது, அவ்வளவுதான்.

திருவிழாவுக்கு ஐஸ் பார் இறக்கினால் உமிக்குள் புதைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடுவார்களே, அதைப் பார்த்திருப்பீர்கள். சின்ன வயதில் எனக்கு அது புரியவே இல்லை. சாக்கைப் போர்த்தினால் ஐஸ் சூடாகி உருகிவிடாதா என்று அப்பத்தாவிடம் கேட்டிருக்கிறேன். உமியும் சாக்கும் வெளியே இருக்கிற சூட்டை உள்ளே விடுவதில்லை, போர்வையோ உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடுவதில்லை. இரண்டும் ஒரே வேலைதான், திசை மட்டும் வேறு. நம் பக்கத்துப் பழைய வீடுகளின் கூரையில் நாட்டு ஓட்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காக வேய்ந்திருப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். சித்திரை வெயிலில் தெருவில் நடந்துவிட்டு வளவுக்குள் நுழைந்ததும் உடம்பு குளிர்வதில் அந்த ஓடுகளுக்கு நடுவே சிக்கிக்கிடக்கிற காற்றுக்கும் பங்கு உண்டு.

காற்றுதான் இங்கே எல்லாம். அசையாமல் நிற்கிற காற்று வெப்பத்தைக் கடத்துவதில் படுமோசம், தண்ணீரோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 25-ல் ஒரு பங்குதான் கடத்தும். பாலியஸ்டர், பருத்தி போன்ற இழைகளே காற்றைவிடப் பல மடங்கு கூடுதலாக வெப்பத்தைக் கடத்தக்கூடியவை. அப்படியானால் இழை எதற்கு, வெறும் காற்றையே இரண்டு துணிகளுக்கு நடுவில் அடைத்துவிடலாமே என்று அக்கா கேட்டாள். நல்ல கேள்வி. அகலமான இடைவெளியில் காற்று சும்மா நிற்காது. உடம்பை ஒட்டிய காற்று சூடாகி மேலே ஏறும், வெளிப்பக்கத்துக் காற்று குளிர்ந்து கீழே இறங்கும், இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து சூட்டை அள்ளிக்கொண்டு போய் வெளியே கொட்டிவிடும். அதைச் சுற்றவிடாமல் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து அடைத்துவைக்கத்தான் இழை வேண்டும். உடம்பிலிருந்து கதிராகப் பாய்கிற வெப்பத்தையும் அந்த இழைகள் நடுவழியில் மறிக்கின்றன. ஆக, ஜெர்க்கினுக்குள் இருக்கிற பஞ்சு என்பது காற்றைக் கட்டிவைக்கிற பந்தல்.

இது பஞ்சு அடிக்கிறவர்களுக்குக் கையாலேயே தெரியும். பத்து வருஷம் படுத்த மெத்தையைப் பிரித்தால் பஞ்சு கட்டி கட்டியாக இருக்கும், அதை வில்லில் போட்டு அடித்தால் அதே எடைப் பஞ்சு ஒரு அறையையே நிரப்புகிற மாதிரி உப்பி வரும். எடை கூடவில்லை, உள்ளே காற்றுதான் புகுந்திருக்கிறது. குளிருக்கு இந்த உப்பல்தான் கணக்கு. அழுத்திப் பிடித்தால் அடங்கி, விட்டதும் எழும்பி நிற்கிற பஞ்சு எதுவோ அதுவே நல்ல பஞ்சு.

அந்த வகையில் இலவம் பஞ்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் என்னால் நகர முடியாது. இலவம் இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் அது ஒரு மெல்லிய குழல், ஏறத்தாழ முக்கால் பங்கு உள்ளே காற்றுதான். மேலே மெழுகுப் பூச்சு வேறு இயற்கையாகவே இருப்பதால் தண்ணீர் ஒட்டாது. அதனால்தான் ஒரு காலத்தில் கப்பலில் போகிறவர்களின் உயிர்காப்பு அங்கிகளுக்குள் இலவம் பஞ்சை அடைத்தார்கள். குழல், காற்று, தண்ணீர் ஒட்டாத தோல். குளிர் உடுப்புக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் இலவம் இழை குட்டையானது, வழுவழுப்பானது, சுருளே கிடையாது, மடக்கினால் நொறுங்கும். கொஞ்ச நாளில் அமுங்கித் தூளாகிவிடும், தானாக எழும்பாது. மெத்தையென்றால் வெயிலில் போட்டுத் தட்டி எழுப்பலாம், நாளெல்லாம் கை முட்டி மடங்கி நீள்கிற சட்டைக்குள் அது தாங்காது. தீயும் சட்டென்று பிடிக்கும்.

மனிதன் செய்த இழை வருவது இங்கேதான். 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் பாலியஸ்டர் இழையைக் கண்டுபிடித்தார்கள், டெரிலின் என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. நம் அப்பாக்கள் காலத்து டெரிகாட்டன் சட்டையில் பாதி அதுதான். அதே பொருளை நூலாக முறுக்காமல் பஞ்சாகவே விட்டால் தலையணைக்குள்ளும் ஜெர்க்கினுக்குள்ளும் போகிற செயற்கைப் பஞ்சு.

இதில் மூன்று விஷயம் செய்ய முடிந்தது. ஒன்று, இழையை உருக்கி இழுக்கும்போதே நடுவில் ஓட்டை விட்டு, இலவம் மாதிரியே குழலாக்கலாம். எங்கள் தொழிலில் ஹாலோ ஃபைபர் என்று மூட்டையில் வருகிறதே, அதுதான். அப்புறம் சுருள். ஒரே இழையின் இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் வேறுபட்ட தன்மையுள்ள பாலியஸ்டரைச் சேர்த்து இழுத்தால், சூடு காட்டும்போது ஒரு பக்கம் கூடுதலாகச் சுருங்கி, இழை ஸ்பிரிங் போலச் சுருண்டுகொள்ளும். அழுத்தினாலும் எழும்பி வருகிற குணம் இந்தச் சுருளிலிருந்துதான் வருகிறது, இலவத்துக்குக் கிடைக்காமல் போனது இதுதான். மேலே சிலிக்கோன் பூச்சு கொடுத்தால் இழைகள் ஒன்றோடொன்று சிக்காமல் வழுக்கிக்கொண்டு, கையில் பிடிக்க இறகு மாதிரி இருக்கும்.

மூன்றாவது மெல்லிசு. இதைத்தான் நான் ரொம்ப அழகான விஷயமாக நினைக்கிறேன். ஒரு கிலோ பாலியஸ்டரை எடுத்து, இழையின் விட்டத்தைப் பாதியாக்கி இழுத்தால், இழையின் மொத்த நீளம் நான்கு மடங்காகும், அதன் மேற்பரப்பு இரண்டு மடங்காகும். கூடுதலாக ஒரு கிராம்கூடச் சேர்க்காமல் காற்றை மறிக்கிற சுவர் இரட்டிப்பாகிவிடுகிறது, அறைகள் இன்னும் குட்டியாகின்றன, காற்று இன்னும் அசையாமல் நிற்கிறது. 3எம் நிறுவனத்தின் தின்சுலேட் என்ற பெயரைக் கையுறையிலும் பூட்ஸிலும் பார்க்கலாம், அதன் அடிப்படையே இதுதான். தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான் தடிமன் என்றால் அதில் இருக்கிற இழை 15 மைக்ரானோ அதற்கும் கீழோ. தடியான பஞ்சு அடைக்க இடமில்லாத இடங்களில் அது உதவுகிறது. ஆனால் மெல்லிய இழைக்கு முதுகெலும்பு குறைவு, சீக்கிரம் அமுங்கும். அதனால் பல நிறுவனங்கள் மெல்லிய இழையோடு கொஞ்சம் தடித்த இழையையும் கலக்கின்றன. மெல்லியது காற்றைப் பிடிக்கும், தடித்தது தூணாக நின்று உப்பலைக் காக்கும்.

சரி, இனி தண்ணீர். என் சொந்த அனுபவம் ஒன்று. சில வருஷங்களுக்கு முன் நாங்கள் எட்டுப் பேர் கேதார்நாத் போனோம். கௌரிகுண்டிலிருந்து 16 கிலோமீட்டர் ஏற்றம், கோயில் இருப்பது 3,500 மீட்டருக்கும் மேலே. நான் உள்ளே பருத்தி பனியன், மேலே பருத்திச் சட்டை, அதற்கு மேலே ஸ்வெட்டரும் ஜெர்க்கினும் போட்டுக்கொண்டு காலையிலேயே ஏற ஆரம்பித்தேன். ஏறும்போது குளிரே தெரியவில்லை, வியர்த்துக் கொட்டியது. சாயங்காலம் மேலே போய்ச் சேர்ந்து ஒரு திண்ணையில் உட்கார்ந்த பத்தே நிமிஷத்தில் பல் கிட்டித்துவிட்டது. மேலே எத்தனை போர்த்தினாலும் நடுக்கம் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற ராணுவக்காரர் ஒருவர், லடாக்கில் இருந்தவர், "பனியனைக் கழற்றுங்க முதல்ல" என்று அதட்டினார். கழற்றிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. காய்ந்த துண்டைச் சுற்றி அதன்மேல் ஸ்வெட்டரைப் போட்டதும் கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கிவிட்டது.

பருத்தி, சுற்றியுள்ள ஈரப்பதத்தில் தன் எடையில் சுமார் 8 சதவீதம் தண்ணீரைச் சாதாரணமாகவே இழைக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். கம்பளி 16 சதவீதம் வரை வாங்கும், ஆனால் அதன் இழை சுருளாக இருப்பதால் ஈரத்திலும் முழுக்கச் சரிந்துவிடாது. பாலியஸ்டர் வாங்குவது 0.4 சதவீதம்தான். நனைந்தால் தண்ணீர் இழைகளுக்கு நடுவே நிற்கும், இழைக்குள் போகாது. அதனால் பிழிந்து உதறினால் இழை மறுபடி எழும்பி நிற்கும், காற்றறைகள் பெருமளவு திரும்பிவிடும். நம்மூர் வெயிலுக்குப் பருத்தி மாதிரி ஒரு துணி கிடையாது, கண்டாங்கிச் சேலையை நெய்த ஊர்க்காரன் நான் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் உறைகிற குளிரில், உடம்பை ஒட்டி, வியர்க்க வியர்க்க நடக்கும்போது பருத்தி கூடவே கூடாது.

வாத்து இறகுக்கும் செயற்கைப் பஞ்சுக்கும் உள்ள பெரிய வித்தியாசமும் இதே தண்ணீர்தான். இறகு என்று சொல்கிறோமே தவிர, உள்ளே வைப்பது வாத்தின் நெஞ்சுப் பகுதியில் இறகுக்கு அடியில் இருக்கும் மென்தூவி. எடைக்கு எடை பார்த்தால் அதற்கு இணையான கதகதப்பு செயற்கைப் பஞ்சுக்கு இன்னும் வரவில்லை, சுருட்டினால் கைப்பிடிக்குள் அடங்கவும் செய்யும். ஆனால் நனைந்தால் ஈரக் கோழி மாதிரி ஒட்டிக்கொண்டு உப்பல் மொத்தமும் போய்விடும், காய மிகவும் நேரமாகும். அமெரிக்க ராணுவம் 1980-களில் இதற்கு மாற்று தேடியபோது, ஆல்பனி இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் உருவாக்கியதுதான் பிரைமாலாஃப்ட். தூவியைப் போலவே மிக மெல்லிய இழையும், அதைத் தாங்கத் தடித்த இழையும் சேர்ந்த செயற்கைப் பஞ்சு. இப்போது ஜெர்க்கின் சீட்டுகளில் அந்தப் பெயர் அடிக்கடி கண்ணில் படும்.

அக்கா மகளுக்கு எது? வின்னிபெக்கில் குளிர் உலர்ந்த குளிர், மழை இல்லை, பனித்தூள்தான். பஸ் நிறுத்தத்தில் அசையாமல் நிற்கிற நேரத்துக்குத் தூவி வைத்த நீளமான கோட்டு நல்லதுதான், பணம் இருந்தால் அங்கே போய் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் லண்டன், வான்கூவர் மாதிரி நசநசவென்று மழையும் குளிருமாக இருக்கிற ஊர் என்றால் நான் யோசிக்காமல் செயற்கைப் பஞ்சைத்தான் சொல்வேன். மலையேற்றத்துக்கும் அதுதான். வீட்டு மெஷினிலேயே துவைக்கலாம், விலையும் குறைவு. பறவையிலிருந்து வந்ததை உடுத்த மனம் ஒப்பாத சைவக் குடும்பங்கள் நம் பக்கம் நிறைய, அவர்களுக்கு இது உறுத்தல் இல்லாத வழி.

கடையில் சீட்டைப் பார்த்தால் 60, 100, 133, 200 என்று ஓர் எண் இருக்கும், கூடவே ஜிஎஸ்எம் என்று போட்டிருக்கும். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் பஞ்சு என்பதே அது. ஒரே வகைப் பஞ்சுக்குள் ஒப்பிட மட்டும் இது உதவும். மலிவான தடித்த இழை 150 இருக்கலாம், நல்ல மெல்லிய இழை 100 அதைவிடக் கதகதப்பாக இருக்கலாம். நடந்துகொண்டே இருப்பவருக்கு 60 போதும், நிற்கிறவருக்கு 100-க்கு மேல் வேண்டும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். சில இடங்களில் க்ளோ என்ற அளவு போட்டிருப்பார்கள். அது 1941-ல் வகுத்த அளவு. காற்றோட்டம் அதிகம் இல்லாத 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்குச் சௌகரியமாக இருக்க எவ்வளவு துணி வேண்டுமோ அது 1 க்ளோ, ஏறத்தாழ ஒரு கோட்டு சூட்டு. கிராமைவிட இதுவே நேரான கணக்கு.

உள்ளே பஞ்சு எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதையும் தடவிப் பாருங்கள். பாய் மாதிரி விரித்த தகடாக இருந்தால் இடம் மாறாது, அதற்குக் குறுக்குத் தையல் அதிகம் வேண்டியதில்லை. குறைந்த சூட்டிலேயே உருகுகிற இழையைக் கொஞ்சம் கலந்து, சூடு காட்டி ஆங்காங்கே ஒட்டவைத்து அந்தத் தகட்டைச் செய்கிறார்கள். இன்னொரு வகையில் பஞ்சு உருண்டை உருண்டையாக, தூவி மாதிரி ஊதி அடைக்கப்பட்டிருக்கும். மென்மையாகவும் உப்பலாகவும் இருக்கும், ஆனால் கட்டம் கட்டமாகத் தைக்காவிட்டால் எல்லாம் கீழே இறங்கிவிடும், தலையணையில் ஒரு மூலைக்குப் பஞ்சு ஒதுங்குகிற மாதிரி. தையல் ஓடுகிற ஒவ்வொரு கோட்டிலும் பஞ்சு நசுங்கி, அந்த இடத்தில் மட்டும் குளிர் உள்ளே வரும். அதனால் அழகுக்காக நெருக்கமாகத் தைத்ததை நான் ஒதுக்கிவிடுவேன்.

வெளித்துணி காற்று புகாததாக இருக்கவேண்டும். ஃப்ளீஸ் என்று கிடைப்பதும் பாலியஸ்டர்தான், மேலே மயிர் எழுப்பிய பின்னல் துணி. உள்ளே போட அருமையானது, ஆனால் அதை மட்டும் போட்டுக்கொண்டு காற்றில் நின்றால் சல்லடைதான்.

அளவு பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் ஆட்கள் தவறுவது அதிகமும் இதில்தான். உடம்பைப் பிடித்தாற்போல் எடுப்பாக இருக்கிறது என்று சின்ன அளவை எடுத்து, அதற்குள்ளே இரண்டு ஸ்வெட்டரைத் திணித்து ஜிப்பை இழுத்து மூடுவார்கள். எல்லாப் பஞ்சும் நசுங்கி, காற்று வெளியேறி, காசு கொடுத்து வாங்கிய உப்பல் போய்விடும். கடையில் போட்டுப் பார்க்கும்போதே உள்ளே போடப்போகிற ஸ்வெட்டரோடு போட்டு, கையை மேலே தூக்கி, குனிந்து நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கும் இழுத்துப் பிடிக்கக் கூடாது. உள்ளே உடம்பை ஒட்டி பாலியஸ்டரிலோ மெல்லிய கம்பளியிலோ ஒரு தெர்மல் உள்ளுடுப்பு, அதன்மேல் ஃப்ளீஸோ ஸ்வெட்டரோ, அதன்மேல் இந்த ஜெர்க்கின். வியர்க்கப்போகிறது என்று தெரிந்தால் வியர்ப்பதற்கு முன்னாலேயே ஒன்றைக் கழற்றிவிடவேண்டும்.

செயற்கைப் பஞ்சின் குறையையும் சொல்லவேண்டும். வருஷக்கணக்கில் மடங்கி நசுங்கினால் இழையின் சுருள் தளர்ந்துவிடும், பிறகு எத்தனை தட்டினாலும் பழைய உப்பல் வராது. நன்றாகப் பார்த்துக்கொண்ட தூவி கோட்டு இதைவிட நெடுநாள் வரும். பாலியஸ்டர் உருகுவது 250 டிகிரிக்குச் சற்று மேலேதான், ஆனாலும் அதற்கு வெகு முன்பே சூட்டில் இழை தளரும், ஆகவே இஸ்திரிப் பெட்டி பக்கமே கொண்டுபோக வேண்டாம். கணப்பிலிருந்து ஒரு பொறி தெறித்தால் வெளித்துணியில் ஓட்டை விழும். துவைக்கும்போது நுண்ணிய இழைத் துகள்கள் தண்ணீரில் கலந்து ஆற்றுக்கும் கடலுக்கும் போகின்றன, ஃப்ளீஸில் இது அதிகம். அதனால் அடிக்கடி துவைக்காமல், அழுக்குப் பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பருவத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் துவைத்தால் துணிக்கும் நல்லது, தண்ணீருக்கும் நல்லது. பழைய பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கிச் செய்த பாலியஸ்டர் பஞ்சும் நிறையக் கிடைக்கிறது, வாய்ப்பிருந்தால் அதை எடுங்கள்.

துவைக்கும்போது குளிர்ந்த தண்ணீர், குறைவான சோப்பு. துணியை மிருதுவாக்க ஊற்றுகிற திரவம் வேண்டாம், அது இழையில் படிந்து ஒட்டவைக்கும். முறுக்கிப் பிழியாமல் அழுத்தி நீரை எடுத்து, நிழலில் விரித்து, பாதி காய்ந்ததும் தட்டிவிடுங்கள்.

அக்கா கடைசியாகக் கேட்டது பெட்டியைப் பற்றி. விமானத்தில் எடை கணக்கு, இடம் கணக்கு, அதனால் காற்றை உறிஞ்சி எடுத்து வடகம் மாதிரி தட்டையாக்குகிற பை ஒன்றை மகள் வாங்கி வைத்திருக்கிறாள், ஜெர்க்கினை அதில் வைக்கலாமா என்றாள். பயண நேரத்துக்கு மட்டும் வைக்கலாம், ஆனால் புறப்படுகிற அன்று காலையில்தான் வைக்கவேண்டும், ஒரு மாதம் முன்னாலேயே அமுக்கி அலமாரியில் போட்டுவிடக் கூடாது. போய் இறங்கியதும் மற்ற பெட்டியைப் பிரிக்கிறாளோ இல்லையோ, இந்தப் பையை முதலில் பிரித்து, நன்றாக உதறி, கொடியிலோ ஹேங்கரிலோ ஒரு ராத்திரி தொங்கவிடச் சொன்னேன். காலையில் அது உப்பி நிற்கும். விமான நிலையத்திலிருந்து அறைக்குப் போகிற வரைக்கும் போட்டுக்கொள்ள ஃப்ளீஸும் காற்று புகாத மேலுடுப்பும் குல்லாவும் கையுறையும் கைப்பையில் தனியாக இருக்கவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.